குடையை மறந்துட்டேன்

அன்றைக்கு வந்திருந்தவர்கள்:

நாடகம் எழுதுகிற சீதாராமன். அவர் வீட்டில்தான் கூட்டம், இருந்தாலும் வந்தவர்களோடு சேர்த்துவிடலாம், நாற்காலி நுனியில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஜெயலக்ஷ்மி. நாடகம் நடக்கும்போது பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, மறந்துபோகிற நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவள். கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து போன வருஷம் ரிடையர் ஆன மாணிக்கம். எல்லா நாடகத்திலும் இரண்டாவது முக்கியமான வேஷம் அவருக்கு. அவர் மனைவி நாகம்மா. எந்த நாடகத்திலும் எந்த வேஷமும் கிடையாது. டெலிபோன் ஆபீஸ் சுலோசனா. கதாநாயகியாக ஆரம்பித்தவள், இப்போது கதாநாயகிக்கு அம்மாவாக வருகிறாள். சுலோசனாவின் மகள் ரோஹிணி, இலக்கியத்தில் எம்.ஏ. படிக்கிறவள். குழுவின் புதுச் செயலாளர் ஜெயபிரகாஷ். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர், சால்ட் லேக்கில் குடியிருப்பு.

அப்புறம் பால்கனியில் மாணிக்கம் விரித்து வைத்திருந்த ஒரு கறுப்புக் குடை. பேச்சே அதைப் பற்றித்தான் என்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கல்கத்தா என்ற பெயரை கொல்கத்தா என்று மாற்றிய வருஷம் அது. ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து பெய்த மழையில் லேக் மார்க்கெட் பின்சந்து முழங்கால் தண்ணீரில் கிடந்தது. வாழையிலைக்காரன் கூடையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நீந்தாத குறையாகப் போய்க்கொண்டிருந்தான். இந்த மழையிலும் எல்லாரும் வந்துவிட்டார்கள். 'ஞாயிறு நண்பர்கள்' நாடகக் குழுவுக்கு வெள்ளிவிழா. அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். மலரில் ரோஹிணி ஒரு கட்டுரை எழுதுகிறாள். அச்சுக்குப் போகும் முன் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு.

கட்டுரையின் தலைப்பு: 'சீதாராமன் நாடகங்களில் குடை.'

தலைப்பைக் கேட்டதுமே ஜெயலக்ஷ்மி எழுந்துவிட்டாள். போண்டாவைத் திருப்பிப் போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் போய் நின்றாள். அங்கே நின்றாலும் கூடத்தில் பேசுவது கேட்கும். பேசுகிறவர்களைப் பார்க்கவும் முடியும்.

சீதாராமன் எழுதிய நாடகங்களில் கதை மாறும், ஊர் மாறும், குடும்பம் மாறும். குடை மாறாது. மாணிக்கம் ஒரு வீட்டுக்கு வருவார், கையில் குடையோடு. சுவரில் சாய்த்து வைப்பார். உட்காருவார், பேசுவார். "சரி, நான் வரேன்" என்று எழுந்து போய்விடுவார். மேடையில் இருப்பவர்கள் பெருமூச்சு விடுவதற்குள் வாசலில் மறுபடி வந்து நிற்பார். "குடையை மறந்துட்டேன்" என்பார். அரங்கத்தில் கைதட்டல் அதிரும். அது அடங்கியதும், வாசலில் நின்றபடியே, நாடகத்தின் மிக முக்கியமான நாலு வரியைச் சொல்வார். ஜனங்கள் அதற்காகவே வந்தார்கள். குடை வரும்வரை குழந்தை அழுதால்கூட வெளியே தூக்கிப் போகமாட்டார்கள்.

முதல் தடவை அதை யாரும் எழுதவில்லை. எழுபத்தெட்டாம் வருஷம், ஒரு சம்பந்தத்தை முறிக்க வருகிற நண்பனாக மாணிக்கம் நடித்தார். பாதிக் காட்சியில் வசனம் மொத்தமும் மறந்துபோயிற்று. கொட்டகைத் தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஜெயலக்ஷ்மி எடுத்துக் கொடுத்தது அவருக்குக் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு "சரி, நான் வரேன்" என்று மேடையை விட்டு இறங்கிவிட்டார். உள்ளே வந்து, மூச்சு வாங்க, "மாமி, எல்லாம் போச்சு" என்றார். அவள் மிச்ச வசனத்தை அவர் காதோடு நிதானமாகச் சொன்னாள். சரி, திரும்ப எப்படி மேடைக்குப் போவது? அவர் சொந்தக் குடை அங்கே சுவரில் சாய்ந்து கிடந்தது. அதைச் சொல்லிக்கொண்டு போனார். கைதட்டினார்கள்.

மறுநாள், பார்த்தவர்கள் எல்லாம் சீதாராமனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மனுஷன் போய்விட்டுத் திரும்பி வந்து சொன்னானே, அங்கேதான் நாடகம் இருக்கிறது என்றார்கள். அடுத்த நாடகத்தில் சீதாராமன் குடையை எழுதியே வைத்தார். பாராட்டுக்காக எழுதினார் என்று சொல்ல முடியாது. மாணிக்கத்துக்கு ஒரு காட்சியில் பாதிதான் நிற்கும் என்பது ஒத்திகையிலேயே தெரிந்துபோயிற்று. வீட்டில் ஒப்பிக்கச் சொன்னால் முழுசும் வரும். கரக்பூரிலிருந்து டாட்டாநகர் வரை எத்தனை சிக்னல் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வார். மேடை விளக்கு முகத்தில் விழுந்தால் மட்டும் மண்டைக்குள் பாதி காலி. ஆனால் அந்தக் குரல் வேறு யாரிடமும் இல்லை. மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குப் போகிற குரல். பாதியை மனப்பாடம் செய்வார், மீதியை ஜெயலக்ஷ்மி உள்ளே வைத்துப் புதிதாக ஊற்றி அனுப்புவாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் குடை.

இது தெரிந்தவர்கள் மூன்று பேர் என்பது ஜெயலக்ஷ்மியின் கணக்கு: அவள், சீதாராமன், மாணிக்கம். மூன்று பேரும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

"ஜெயா மாமி, வாங்களேன். ஆரம்பிக்கறேன்" என்றாள் ரோஹிணி.

கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள், எழுத வராது. கட்டுரையைத் தமிழில்தான் எழுதியிருந்தாள், ஆனால் வங்காள எழுத்தில். வாசிக்கும்போது சில இடங்களில் தானே எழுதியது தனக்கே புரியாமல் நின்றாள்.

"சீத்தா மாமாவோட ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் படிச்சேன். குடைன்னா என்ன அர்த்தம்? ஊர் விட்டு வந்தவாளுக்கு ஒரு கூரைன்னு சொல்லலாம். மானே, அதாவது, நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். அது தப்பு. குடையைப் பாக்கக் கூடாது. மறக்கறதைப் பாக்கணும்."

சீதாராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாணிக்கம் காகு மொதல் தடவை கெளம்பறச்சே என்ன சொல்றார்? மரியாதையா ஏதோ சொல்றார். 'யோசிச்சு முடிவு பண்ணுங்க', 'எல்லாம் நல்லபடியா நடக்கும்'. திரும்பி வந்து என்ன சொல்றார்? மனசுல இருக்கறதைச் சொல்றார். எல்லா நாடகத்துலயும் அப்படித்தான். மனுஷா மொதல் தடவை வாசல் தாண்டறது நாகரிகத்துக்காக. உண்மையைச் சொல்றதுக்கு ரெண்டாவது தடவை வாசலுக்கு வரணும். அதுக்கு ஒரு சாக்கு வேணும். சாக்கு இல்லாம திரும்பி வந்தா மானம் போயிடும். குடைங்கறது அந்தச் சாக்கு."

காகு என்றால் வங்காளத்தில் சித்தப்பா. மாணிக்கத்தை ரோஹிணி சிறு வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள். காகு இப்போது முகத்தைப் பால்கனிப் பக்கம் திருப்பி, அவளுக்கு வலது காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபமாக இருக்கிறார் போலிருக்கிறது என்று ஜெயலக்ஷ்மி நினைத்தாள். அல்லது வெட்கமாக.

"இவ்வளவா எழுதியிருக்கீங்க சார்?" என்றார் மாணிக்கம், சீதாராமனிடம்.

"எனக்கும் இப்பத்தான் தெரியறது" என்றார் சீதாராமன்.

சுலோசனா சிரித்தாள். "என் பொண்ணுக்குச் சமையல்கட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியாது. குடையில மட்டும் இவ்வளவு கண்டுபிடிச்சிருக்கா."

"மா, சும்மா இரு."

ஜெயபிரகாஷ் தொண்டையைச் செருமினார். கெட்டவர் இல்லை. கூட்டம் என்றால் எல்லாருக்கும் முன்னால் வருவார், நாற்காலி தூக்கிப் போடுவார். ஆனால் எதையும் சரிசெய்யாமல் விட முடியாத ஜாதி.

"கட்டுரை ரொம்ப நல்லா இருக்கும்மா. சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா, தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளிவிழாவுக்கு கரக்பூர், ஜாம்ஷெட்பூர்லேர்ந்தெல்லாம் வராங்க. போன வருஷம் பிலாய்க்காரர் ஒருத்தர் என்கிட்டயே கேட்டாரு, 'உங்க ஆளுங்களுக்கு மழை தவிர வேற சீசன் கிடையாதா'ன்னு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இந்த ஒரு தடவை குடை இல்லாம பண்ணலாமே. அந்த நாலு வரியைப் போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டுப் போகட்டும். காட்சி டைட்டா இருக்கும்."

மாணிக்கம் தட்டில் இருந்த போண்டாவைப் பிட்டார், சாப்பிடவில்லை. அவர் முகத்தில் ரத்தம் வற்றுவதை ஜெயலக்ஷ்மி அடுக்களை நிலையில் நின்று பார்த்தாள். எழுபத்தெட்டில் பார்த்த அதே முகம்.

"குடையை எடுக்கக் கூடாது அங்கிள். நான் இவ்வளவு நேரம் என்ன சொன்னேன்?" என்றாள் ரோஹிணி.

"நீ சொன்னது சரிம்மா. ஆனா அதெல்லாம் சார் நெனச்சு எழுதினதா? சாரையே கேப்போம். சார், குடை எதுக்கு?"

சீதாராமன் வங்கியில் ஆயிரம் பேரைச் சமாளித்தவர். பொய் சொல்லத் தெரியாது என்பதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். "அது வந்து, ஒரு இதுக்காக" என்றார்.

"எனக்கே ஒரு சந்தேகம் இருக்கு மாமா" என்று ரோஹிணி காகிதத்தைப் புரட்டினாள். "தொண்ணூத்தொண்ணுல ஒரே ஒரு நாடகத்துல மட்டும் குடை இல்லை. ஏன்னு புரியலை. அந்த வருஷம் காகு சக்ரதர்பூர்ல போஸ்டிங். காகு நடிக்கலை, குடையும் இல்லை. அப்போ குடை மாமாவோடதா, காகுவோடதா?"

கெட்டிக்காரப் பெண். அவளுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கணக்கில் ஒரு எண் இடித்தால் கேட்கிற குழந்தை மாதிரி கேட்டாள். ஜெயபிரகாஷ் மாணிக்கத்தைப் பார்த்தார். மாணிக்கம் தரையைப் பார்த்தார்.

ஜெயலக்ஷ்மி கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள்.

"அது எனக்காக" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். சீதாராமன்கூட.

"என் கண்ணு சரியில்லை. ஆரம்பத்துலேர்ந்தே. இவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி. டார்ச்சை வேற பிடிச்சுக்கணும். பாதியில எனக்கு வரி தப்பிப் போயிடும். மாணிக்கம் வெளியில வந்துட்டுப் போற அந்த நேரத்துலதான் நான் பக்கத்தைக் கண்டுபிடிப்பேன். எனக்காகத்தான் இவர் எழுதினார்."

"தொண்ணூத்தொண்ணுல?" என்றாள் ரோஹிணி.

"அந்த வருஷம் பேங்க்ல யாரோ டைப் அடிச்சுக் குடுத்தா. எழுத்து தெளிவா இருந்தது."

சொல்லிவிட்டாள். இந்த ஊர்த் தமிழ் நாடகக்காரர்கள் மத்தியில் ஜெயலக்ஷ்மிக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு வரி பிசகினதில்லை. நடிகன் மூச்சை இழுக்கிற விதத்திலேயே மறக்கப்போகிறான் என்று கண்டுபிடித்து, அவன் மறப்பதற்கு முன்னாலேயே சொல்லை நீட்டிவிடுவாள். பார்வையாளர்களுக்கு அவள் முகம் தெரியாது. நடித்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயரை இப்போது கரண்டிக் கையோடு நின்று தூக்கிப் போட்டாள். கொஞ்சம் வலித்தது. போண்டா எண்ணெய் காய்கிற வாசனை வந்தது, திரும்பிப் போகவில்லை.

மாணிக்கம் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

ஜெயபிரகாஷ் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இவ்வளவுதானா மாமி? முன்னாடியே சொல்லக்கூடாதா? இப்பத்தான் கம்ப்யூட்டர் இருக்கே. கரியாஹாட்ல எனக்குத் தெரிஞ்ச பையன் தமிழ்ல அடிச்சுத் தருவான். நல்லா கொட்டை எழுத்துல, வரிக்கு வரி இடம் விட்டு. உங்களுக்கு டார்ச்சே வேண்டாம். குடையும் வேண்டாம். பிரச்சினை தீர்ந்துச்சு."

தீர்ந்துவிட்டது. அவள் சொன்ன பொய்யைப் படியாக வைத்து அந்த மனிதர் நேராகக் குடை மேல் ஏறி நின்றுவிட்டார். ஜெயலக்ஷ்மிக்கு அடுத்த பொய் வரவில்லை. இத்தனை வருஷம் மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்தவளுக்கு எடுத்துக் கொடுக்க அங்கே யாரும் இல்லை.

அதுவரை மூன்று போண்டாவைச் சட்னி தொட்டு நிதானமாகச் சாப்பிட்டு முடித்திருந்த நாகம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

"மாமிக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "மூணாவது மாடியில நின்னுக்கிட்டு கீழ கூடையில இருக்கிற கத்தரிக்காய் சொத்தைன்னு சொல்றவங்க. இவருக்குத்தாங்க பாதி வசனத்துக்கு மேல நிக்காது. குடையை எடுத்தீங்கன்னா இவரு வெள்ளிவிழா அன்னிக்கு நடுமேடையில தந்திக் கம்பம் மாதிரி நிப்பாரு. அப்புறம் உங்க இஷ்டம்."

"நாகு" என்றார் மாணிக்கம்.

"என்ன நாகு? நானும் எத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருக்கிறது? ஒவ்வொரு வருஷமும் ஜனங்க கூட்டத்துல உக்காந்து, நீங்க உள்ள போனதும் முந்தானையைப் பிடிச்சிக்கிட்டு, சாமி, திரும்ப வரணும் வரணும்னு வேண்டிக்கிறேன். எனக்கு மட்டும்தான் தெரியும், நாம பாட்டுக்கு இருப்போம்னு இருந்தேன். இப்ப பாவம் மாமி பழியைத் தன் தலையில போட்டுக்கிறாங்க."

"உனக்கு மட்டுமா?" என்றாள் சுலோசனா. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது போல வாயைப் பொத்தினாள். ஆனால் எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இல்ல, எனக்கும் தெரியும். நான் மேடையில பக்கத்துலதானே நிக்கறேன். உள்ளே மாமி குரல் கேக்குமே. நான்தான் அந்த நேரத்துல பெருமூச்சை இழுத்து இழுத்து விடுவேன். நாற்காலியைத் துடைப்பேன். ஒரு வருஷம் கோலமே போட்டேன்."

"ஜனங்களுக்கு?" என்றார் மாணிக்கம். குரல் சின்னதாக இருந்தது. அந்தக் குரலில் அவ்வளவு சின்னதாக ஒன்று உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுலோசனா தரையில் விரலால் கோடு போட்டாள். "மூணாவது வரிசை வரைக்கும் தெரியும்னு நெனக்கறேன்" என்றாள். "எல்லாருக்கும் உங்களை ரொம்பப் பிடிக்கும் அண்ணா. அதனாலதானே அவ்வளவு கை தட்டறா. நீங்க திரும்பி வந்துட்டேளே, அந்தச் சந்தோஷத்துக்குத்தான் தட்டறா."

சீதாராமன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஜெயபிரகாஷ் பூட்டைத் திருத்தப் போய்க் கதவையே பெயர்த்துவிட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

மாணிக்கம் எழுந்தார். சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லது சார். மழையும் விட்டுருச்சு. கட்டுரை நல்லா எழுதியிருக்கம்மா ரோஹிணி. எனக்கு உடம்புக்கு ஒரு மாதிரி இருக்கு, இந்த வருஷம் வேற யாரையாவது பாத்துக்கங்க. எல்லாம் நல்லபடியா நடக்கும். வரேன்."

வாசலில் செருப்பை மாட்டினார். படியில் இறங்குகிற சத்தம் கேட்டது. கனமான உடம்பு, ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

"போய்க் கூட்டிண்டு வரேன்" என்று சீதாராமன் எழுந்தார்.

"உக்காருங்கோ" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"நான் வேணா போய் மன்னிப்பு..." என்றார் ஜெயபிரகாஷ்.

"நீங்களும் உக்காருங்கோ."

நாகம்மா இன்னொரு போண்டாவை எடுத்துக்கொண்டாள். அவள் எழுந்து புருஷன் பின்னால் ஓடவில்லை. "குடை அங்கதானே இருக்கு" என்றாள், பால்கனியைக் கையால் காட்டி.

ஜெயலக்ஷ்மி பால்கனிக்குப் போனாள். குடை காய்ந்திருந்தது. மரப்பிடியில் கைபட்டுப் பட்டு வழவழப்பு ஏறியிருந்தது. இரண்டு முறை துணி மாற்றி, கம்பி மாற்றி, பிடி மட்டும்தான் பழையது. மடக்கி, பட்டியைச் சுற்றிப் பொத்தானைப் போட்டாள். கீழே எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் கண்ணில் படலாம். அப்புறம் அவர் திரும்பி வருவது இவள் பார்த்ததற்காக ஆகிவிடும்.

வாசல் கதவைத் திறந்தே வைத்து, நிலைக்குள்ளே, கதவின் மறைவில் நின்றாள். பக்கத் திரைக்குப் பின்னால் நிற்கிற அதே நிலை என்று கொஞ்சம் கழித்துத்தான் அவளுக்கே உறைத்தது. ராஸ்பிஹாரி அவென்யூவில், தண்ணீர் வடிய ஆரம்பித்திருக்க வேண்டும், நின்றிருந்த டிராம் ஒன்று மணியடித்துவிட்டு நகர்ந்தது. சுலோசனா பழக்கதோஷத்தில் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். ரோஹிணி காகிதங்களை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள். கட்டுரையில் எழுதினது எல்லாம் சரியாக இருக்க வேண்டுமே என்று அவள் கவலைப்படுகிற மாதிரி இருந்தது.

ஜெயலக்ஷ்மிக்குத் தெரிந்த நேரம் ஒன்று உண்டு. உள்ளே வந்தவர் வசனத்தை வாங்கிக்கொண்டு மேடைக்குத் திரும்புகிற நேரம். அது கழிந்தது. அதற்கு மேலும் கழிந்தது. அவள் கைக்குள் குடைப்பிடி வியர்த்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கொடுக்க அவளிடம் வரி எதுவும் இல்லை.

படியில் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றது. மறுபடி ஏறியது.

மாணிக்கம் வாசலில் வந்து நின்றார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. வெளியே வெயில் அடிக்க ஆரம்பித்திருந்தது, ஜூலை மாதத்துப் பொய் வெயில். குடைக்கு ஒரு அவசியமும் இல்லை.

கூடத்தைப் பார்த்துச் சொன்னார், மேடையில் சொல்கிற அதே மாதிரி, அதே இடத்தில் மூச்சை விட்டு.

"குடையை மறந்துட்டேன்."

யாரும் கை தட்டவில்லை. ஜெயபிரகாஷுக்குக் கை தானாக எழும்பியது, மடியில் அழுத்திக்கொண்டார்.

மாணிக்கம் கதவின் மறைவில் இருந்தவளைப் பார்த்தார். அவள் அங்கேதான் நிற்பாள் என்று தெரிந்தவர் போல.

"மாமி, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லலை. ரெண்டு வருஷமா இடது காது சரியா கேக்கலை. அத்தனை வருஷ ரயில் சத்தம். போன வருஷம் நீங்க சொன்னதுல பாதி எனக்கு விழலை. உங்க உதட்டைப் பாத்துக்கிட்டுச் சமாளிச்சேன். இந்த வருஷம் அதுவும் முடியுமான்னு தெரியலை. அந்தப் பயத்துல இருந்தேன், இவங்க குடையையும் எடுக்கிறேன்னு சொன்னதும் எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. ஊருக்கே தெரியும்கிறது ஒரு பக்கம் நல்லதுதான். இனிமே மெதுவாவே போய், மெதுவாவே வரலாம்."

"இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்றாள் ஜெயலக்ஷ்மி. "நான் எந்தப் பக்கம் நின்னா என்ன. வலது காதுல சொல்றேன்."

"வலது பக்கம் திரை வருமே மாமி."

"திரையைத் தள்ளிக் கட்டச் சொல்றது. அதுக்குத்தானே செயலாளர் இருக்கார்."

"கட்டிடலாம்" என்றார் ஜெயபிரகாஷ், எழுந்து நின்று. "குடை இருக்கட்டும் சார். பிலாய்க்காரன் கெடக்கான்."

சீதாராமன் பேனாவைத் தேடினார். "மாணிக்கம், நீங்க உள்ளே இருக்கற நேரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிடறேன். சுலோசனா என்ன பண்ணலாம் அந்த நேரத்துல?"

"கோலம் வேண்டாம் மாமா" என்றாள் சுலோசனா. "இடுப்பு பிடிச்சுக்கறது."

நாகம்மா கையைக் கழுவிவிட்டு வந்தாள். புருஷன் பக்கத்தில் நின்று, அவர் இடது காதை ஏதோ ரிப்பேருக்கு வந்த சாமான் மாதிரி எட்டிப் பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. நான் கூப்பிடுறது விழாத மாதிரி இருக்காரேன்னு தெனம் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்."

"அது வேற" என்றார் மாணிக்கம். "அதுக்கு ரெண்டு காதும்."

சுலோசனா சிரித்ததில் ரோஹிணியின் காகிதங்கள் சரிந்தன. நாகம்மா சிரிக்கவில்லை, ஆனால் படியிறங்கும்போது அவரது வலது பக்கத்துக்கு மாறி நடந்தாள்.

மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். ரோஹிணி தொண்ணூற்றொன்றைப் பற்றிய பத்தியை அடித்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், பதில் மட்டும் எழுதாதே என்றார் சீதாராமன். ஜெயபிரகாஷ் வெறும் தட்டுகளை அடுக்களை வரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சீதாராமன் பேனாவை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார்.

ஜெயலக்ஷ்மி கதவைச் சாத்தப் போனபோதுதான் பார்த்தாள். குடை அவள் கையிலேயே இருந்தது. அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

பால்கனிக்குப் போய்க் கூப்பிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். கூப்பிடவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றாள். கொஞ்ச நேரத்தில் படியில் அந்தக் கனமான சத்தம் மறுபடி வந்தது. கூடவே நாகம்மாவின் குரலும் வந்தது: "போனதும் போனீங்க, அதைக்கூட எடுக்காம வரணுமா?"

மாணிக்கம் வாசலில் நின்றார். வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள், எப்போதும் போல, அவர் மறப்பதற்கு ஒரு மூச்சு முன்னால்.

"குடையை மறந்துட்டேன்" என்று மெல்லச் சொல்லிக் கொடுத்தாள், வலது காதுப் பக்கமாக.

அவர் தலையாட்டினார். குடையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வேற ஏதாவது?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல மாமி" என்றாள் கீழ்ப்படியிலிருந்து நாகம்மா. "நீங்க பூட்டிக்கிடுங்க, இல்லன்னா இவரு வந்துக்கிட்டே இருப்பாரு."

இரண்டு பேரும் இரண்டாம் மாடித் திருப்பத்தைத் தாண்டுகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டினாள்.